கையசைவில் ஒரு கருவி: முதலில் அதைச் சும்மா இருக்கப் பழக்குங்கள்

நான் செய்த முதல் கருவியை அக்காவிடம்தான் காட்டினேன். அக்கா பாடுகிறவள். மேசையில் ஒரு சின்ன சென்சார். அதற்கு மேலே கையை உயர்த்தினால் சுருதி ஏறும், தாழ்த்தினால் இறங்கும். கருவி அவ்வளவுதான். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டவள், "எல்லாம் சரிடா, இது எங்கே மூச்சு விடும்?" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. இரவு பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. கருவி ஒரு கணம்கூட நிற்கவில்லை. கை காற்றில் எங்கே இருந்தாலும் அது ஏதோ ஒரு சுரம். நிறுத்த வேண்டுமென்றால் கையை வெடுக்கென்று வெளியே இழுக்க வேண்டும். இழுக்கிற வழியில் உள்ள அத்தனை சுரங்களையும் 'ஊய்ங்' என்று பாடிவிட்டுத்தான் ஓயும். நடுவில் மூக்கு அரித்துச் சொறிந்தது கூடப் பதிவில் இருந்தது, மேல் ஸ்தாயியில்.

வீணையில் தந்தியை மீட்டாவிட்டால் சத்தம் இல்லை. புல்லாங்குழலில் ஊதாவிட்டால் சத்தம் இல்லை. காற்றில் வாசிக்கிற கருவிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, ஏனென்றால் கை எப்போதும் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருக்கும். அதனால் இந்த வகைக் கருவி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அது எப்படி நிற்கும் என்று முடிவுசெய்யுங்கள்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெர்மன் செய்த தெரமின், தொடாமலே வாசிக்கிற மின்னணுக் கருவிகளில் மூத்தது. உள்ளே ரேடியோ அலைவரிசையில் ஓடும் இரண்டு ஆஸிலேட்டர்கள், அதாவது மின் அலைகளை உண்டாக்கும் சுற்றுகள். ஒன்று மாறாமல் ஓடும். இன்னொன்று, நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவுக்குக் கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் விழுகிற சுரம். எல்லோரும் இந்தச் சுருதிக் கையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு வியப்பு இடது கைதான். பக்கவாட்டில் வளையம் போல் இன்னொரு ஆண்டெனா இருக்கும். இடது கையை அதன் பக்கம் கொண்டுபோனால் சத்தம் குறைந்து நின்றுவிடும். ஒரு முழுக் கையையே நிறுத்துவதற்கென்று ஒதுக்கியிருக்கிறார் அந்த மனுஷன். கிளாரா ராக்மோர் தெரமினில் சுரங்களைத் தனித்தனியாக, அழுத்தம் திருத்தமாக வாசித்ததில் பாதி வேலை அந்த இடது கையுடையது.

என் நான்காவது கருவி அந்த யோசனையிலிருந்து பிறந்தது. கீழே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான். வலது கை சுருதி, இடது கை வில். வயலினில் கைகள் இதற்கு நேர்மாறு. உங்களுக்கு எது வசதியோ அப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலிடரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, இல்லாத கருவியைக் காற்றில் வாசித்து வீடியோ எடுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நான் கவனித்தது இது: சுரம் நீளும்போது கை சும்மா நிற்கவில்லை, மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. சுரம் முடியும் இடத்தில் விரல்கள் தாமாகப் பிரிந்தன. புதுச் சுரத்துக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டின, ஏதோ நூலைப் பிடிப்பது போல.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. என் கை ஏற்கனவே செய்துகொண்டிருந்ததை எழுதி வைத்தேன். விரல் ஒட்டினால் சுரம் பிறக்கும். மணிக்கட்டு அசைந்தால் சுரம் உயிரோடு இருக்கும். அசைவு நின்றால் தேயும். விரல் பிரிந்தால் முடியும். உங்கள் கை வேறு ஏதாவது செய்யலாம். அதைத்தான் பின்பற்ற வேண்டும், என்னுடையதை அல்ல.

இப்படி இரண்டு வகையான நிறுத்தங்கள் கிடைக்கின்றன. அசைவை நிறுத்துவது சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி மாதிரி. விரலைப் பிரிப்பது முற்றுப்புள்ளி.

பாகங்கள்

மூளைக்கு டீன்ஸி 4.0 போர்டும், ஒலியை வெளியே தரும் துணைப் பலகையான அதன் ஆடியோ ஷீல்டும். 600 மெகாஹெர்ட்ஸ் செயலி, அதற்கென்றே ஒரு ஒலி நூலகம், யுஎஸ்பி வழியாக மிடியும் (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) அனுப்பும். கணினி இல்லாமலே ஒலி வரும் என்பதுதான் நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம். கருவியை எடுத்து மேசையில் வைத்ததும் வாசிக்க முடியாவிட்டால் நான் வாசிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஏற்கனவே இஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம். கணினியில் ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் போன்ற ஒலி உருவாக்கும் மென்பொருள் பழக்கம் என்றால் போர்டு வெறும் சென்சார்களைப் படித்து அனுப்பினால் போதும்.

வலது கைக்கு விஎல்53எல்0எக்ஸ் என்ற லேசர் தூரமானி. கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். இரண்டு மீட்டர் வரை அளக்கும். நமக்கு 60 செ.மீ. போதும். எச்.சி.-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் சென்சாரையும் முயன்றேன். அது கதவுப் பக்கம் யார் வந்தார்கள் என்று பார்க்கத்தான் லாயக்கு. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே 60 மில்லி நொடி விடச் சொல்கிறார்கள். விரல்கள் விரிந்திருந்தால் எதிரொலி இஷ்டத்துக்குச் சிதறும்.

இடது கைக்கு எம்பியு-6050. முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டரும் சுழற்சியை அளக்கும் ஜைரோவும் ஒரே சில்லில். அதை ஒரு பழைய கையுறையின் புறங்கைப் பக்கம் தைத்துவிட வேண்டும். ஒட்டினால் வியர்வையில் கழன்றுவிடும். கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் ஆளுக்கொரு செம்புப் பட்டை. ஒன்று கிரவுண்டுக்கு, இன்னொன்று போர்டில் புல்-அப் (எதுவும் தொடாதபோது மின்னழுத்தத்தை மேலே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போட்ட ஒரு பின்னுக்கு. இவ்வளவு சாதாரணமான இந்தச் சுவிட்சுதான் கருவியிலேயே முக்கியமான பாகம்.

கேமராவை வைத்து ஏன் செய்யக் கூடாது என்று கேட்பீர்கள். மீடியாபைப் போன்ற மென்பொருள் ஒரு கையில் 21 புள்ளிகளை அடையாளம் காட்டும், கையில் எதையும் மாட்ட வேண்டாம், உண்மையிலேயே அழகாக இருக்கும். ஆனால் நொடிக்கு 30 படம் எடுக்கிற கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மட்டும் 33 மில்லி நொடி போய்விடுகிறது, கணக்குப் போடுகிற நேரம் தனி. மெதுவாக மாறும் ஒலிகளுக்குக் கேமரா நல்லது. சுரத்தைத் தட்டி எழுப்ப அதை நம்பாதீர்கள்.

நிறுத்தம், பிறகு வில்

நிரலில் முதல் வரியிலிருந்தே ஒரு விதி: யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஒலியளவு பூஜ்யம். சத்தம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு கணமும் அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

விரல் சுவிட்சை மில்லி நொடிக்கு ஒரு முறை படியுங்கள். ஒட்டியது தெரிந்தவுடன் சுரத்தைத் தொடங்கிவிடலாம். பிரிந்ததை மட்டும் 5 மில்லி நொடி தொடர்ந்து பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். செம்பு உரசும்போது தொடர்பு விட்டு விட்டு வரும், சுரம் துண்டு துண்டாகும்.

வில்லுக்கு ஜைரோவை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆக்ஸிலரோமீட்டரில் புவியீர்ப்பும் கலந்து வரும்; கையைச் சாய்த்தாலே எண் மாறும். ஜைரோ சுழற்சியை மட்டும் சொல்லும். மூன்று அச்சுகளின் வேகத்தையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கட்டின் மொத்தச் சுழற்சி வேகம் வரும். ஆனால் இந்த ஜைரோ அசையாமல் இருக்கும்போதே ஒரு பொய் சொல்லும்: அச்சுக்கு நொடிக்கு 20 டிகிரி வரை தப்பாகக் காட்டலாம். அதனால் கருவியை இயக்கியதும் இரண்டு நொடி கையை அசைக்காமல் வைத்து, அந்தப் பொய்யின் சராசரியை எடுத்து எப்போதும் கழித்துக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கருவி தானாகவே முனகும்.

கழித்த பிறகும் கையின் இயல்பான நடுக்கம் இருக்கும். நொடிக்கு 8 டிகிரிக்குக் கீழே எல்லாம் பூஜ்யம் என்று வைத்தேன். 300 டிகிரிக்கு முழு ஒலி. நடுவே நேர்கோடாக ஏற்றாமல் வர்க்கமாக ஏற்றினேன், மெல்லிய வாசிப்புக்கு இடம் அதிகம் கிடைக்கும். ஒலி ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்கக் கூடாது: ஏற 15 மில்லி நொடி, இறங்க 250. ஏன் என்றால், மணிக்கட்டை இப்படியும் அப்படியும் ஆட்டும்போது திசை திரும்புகிற இடத்தில் வேகம் ஒரு கணம் பூஜ்யம் ஆகும். இறக்கமும் வேகமாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலி அறுந்துபோகும். 250 மில்லி நொடி அந்தப் பள்ளத்தைத் தாண்ட வைக்கிறது, அதே சமயம் கை உண்மையில் நின்றால் கால் நொடியிலேயே ஒலி தேய்ந்துவிடுகிறது.

இப்படிச் சக்தி கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் ஒலி வரும் என்கிற ஏற்பாடு வாசிப்பவரைக் களைப்படைய வைக்குமே என்று நினைத்தேன். நேர்மாறாக ஆனது. ஆண்டி ஹன்ட், மார்செலோ வாண்டர்லி, மேத்யூ பாரடிஸ் ஆகியோர் 2002-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றித்தான் பேசுகிறது: அதே ஸ்லைடர்கள், அதே ஒலி, எந்த அசைவை எதோடு இணைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் கருவியே வேறாகிவிடுகிறது. ஸ்லைடரை வில் போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டிய ஏற்பாட்டில்தான் ஆட்கள் ஆர்வமாக நேரம் செலவழித்தார்கள் என்கிறார்கள். என் மேசையிலும் அதையே பார்த்தேன்.

அந்த 'ஊய்ங்' எப்படிப் போயிற்று? இரண்டு சின்ன வேலை. விரல் பிரிந்த கணத்தில் சுருதியை அப்படியே உறைய வைத்துவிடுங்கள். ஒலியின் வால் தேயும் அந்தக் கால் நொடியில் வலது கை எங்கே பறந்தாலும் சுருதி அசையாது. அதே போல் விரல் மீண்டும் ஒட்டும்போது, பழைய சுருதியிலிருந்து வழுக்கிக்கொண்டு வராமல், கை இப்போது இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். மென்மையாக்கும் வடிகட்டி வைத்திருந்தால் அதன் நினைவைத் துடைத்துவிட்டு முதல் அளவீட்டை நேரடியாகக் கொடுங்கள். பத்து வரி நிரல்தான். மூன்று கருவிகளாக என்னை வதைத்த விஷயம் ஒரே மாலையில் போய்விட்டது.

சுருதி

தூரத்தை நேரடியாக ஹெர்ட்ஸாக மாற்றுவது எல்லோரும் செய்கிற முதல் தப்பு. நானும் செய்தேன். 20 செ.மீ. உயரத்தில் 220 ஹெர்ட்ஸ், 60 செ.மீ. உயரத்தில் 440 ஹெர்ட்ஸ் என்று நேர்கோடு போட்டால், செ.மீ.க்கு 5.5 ஹெர்ட்ஸ் வரும். கீழே முதல் அரைச்சுரம் (ஸ்தாயியின் 12 படிகளில் ஒன்று) 2.4 செ.மீ.யில் முடிந்துவிடும், உச்சியில் கடைசி அரைச்சுரத்துக்கு 4.5 செ.மீ. பிடிக்கும். கை எவ்வளவு பழகினாலும் அடி நெரிசலும் உச்சி வெட்டவெளியும் ஒத்துவராது. காது விகிதத்தைத்தான் கேட்கிறது. அதனால் தூரத்தை முதலில் அரைச்சுரங்களின் எண்ணிக்கையாக மாற்றுங்கள். பிறகு அந்த எண்ணை 12-ஆல் வகுத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஆதார சட்ஜத்தின் அதிர்வெண்ணோடு பெருக்குங்கள். அப்போது ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் 3.3 செ.மீ., எங்கேயும் ஒரே அளவு. பஞ்சமம் 3/2 விகிதத்தில் சுத்தமாக வேண்டும் என்பவர்கள் 12 இடங்களுக்கும் விகிதப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

40 செ.மீ.யில் ஒரே ஒரு ஸ்தாயி. கஞ்சத்தனம் போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்: இந்தத் தூரமானியை வேகமாகப் படிக்கச் சொன்னால் அளவீடு சில மில்லிமீட்டர் அங்கும் இங்கும் ஆடும். 5 மி.மீ. ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்தாயிக்கு அது 15 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). இரண்டு ஸ்தாயியை அதே இடத்தில் நெருக்கினால் 30 சென்ட், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு அரைச்சுரம். பாடத் தெரிந்தவர் யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, இந்த சென்சார் நேர்கோட்டில் பார்ப்பதில்லை. அதன் பார்வை 25 டிகிரி கூம்பு. 20 செ.மீ. உயரத்தில் அந்தக் கூம்பின் அகலம் 9 செ.மீ.; உள்ளங்கை அதை மூடிவிடும். 60 செ.மீ. உயரத்தில் அகலம் 26 செ.மீ.க்கும் மேல். அங்கே கையோடு சேர்ந்து முழங்கையும் சட்டைக் கையும் கண்ணில் படும். தொளதொளச் சட்டையோடு வாசித்த ஒரு நாள் முழுக்க மேல் சுரங்கள் மட்டும் கீழே சரிந்துகொண்டே இருந்தன. நிரலில் தப்பைத் தேடி மூன்று மணி நேரம் போனது. சென்சாரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், உள்ளங்கையை மேசைக்கு இணையாகக் கவிழ்த்துப் பிடியுங்கள், முழங்கை கூம்புக்கு வெளியே இருக்கட்டும். நேரடி வெயில் படுகிற இடமும் கூடாது, வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. கை எதுவும் எதிரே இல்லாதபோது இது 8190 மி.மீ. என்று ஒரு எண்ணைத் தரும். 700-க்கு மேல் வருவதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கடைசியாக வந்த நல்ல எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுரத்தில் நிற்பது எப்படி? காற்றில் வீணையின் மெட்டும் இல்லை, குழலின் துளையும் இல்லை. சுருதியை அருகிலுள்ள சுரத்துக்கு வெட்டி ஒட்டிவிடலாம். கருவி ஒருபோதும் தப்பாக ஒலிக்காது, ஆனால் கமகமும் செத்துப்போகும். படிக்கட்டில் பந்து உருளுகிற மாதிரி இருக்கும். நான் செய்தது காந்தம். கை ஒரு சுரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள், அதிகபட்சம் அரை. அந்த விலகலை இரட்டிப்பாக்கி, மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, பாதியாக்கி, அதே பக்கம் திரும்ப வையுங்கள். கால் அரைச்சுரம் விலகியிருந்தால் காதுக்கு வருவது 6 சென்ட்தான். சரியாக நடுவில் இருந்தால் நடுவிலேயே இருக்கும். எங்கேயும் அறுபடாது, சுரத்தின் பக்கம் மட்டும் மெதுவாக இழுக்கும்.

அந்த மூன்று என்கிற எண்ணை நிலையாக வைக்காதீர்கள் என்பதுதான் சூட்சுமம். கை நின்றிருக்கும்போது மூன்று. கை நகர நகர அதை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று என்றால் காந்தமே இல்லை. நிற்கும்போது சுரம் நிற்கும், அசைக்கும்போது அசைவு முழுதாகக் கேட்கும்.

நடுக்கத்தைக் குறைக்க வடிகட்டி வேண்டும். வெறும் சராசரி எடுத்தால் கை ஒரு பக்கமும் சுருதி அதன் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டும் வரும். 2012-ல் கெரி காசியே, நிக்கோலா ரூசெல், டேனியல் வோகல் மூவரும் வெளியிட்ட 'ஒன் யூரோ' வடிகட்டியைப் போடுங்கள். மெதுவான அசைவில் அழுத்தமாக வடிகட்டும், வேகமான அசைவில் கையை விட்டுவிடும். திருகுவதற்கு இரண்டே எண்: முதலாவது குறைந்தபட்ச வெட்டு அதிர்வெண், இரண்டாவது வேகத்துக்கானது. வேகத்துக்கான எண்ணைப் பூஜ்யமாக்கி, கையை அசையாமல் பிடித்து, நடுக்கம் போகும் வரை முதல் எண்ணைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். 1 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். பிறகு கையை வேகமாக ஆட்டி, பின்தங்கல் மறையும் வரை இரண்டாவது எண்ணை ஏற்றுங்கள். கடைசியில் நொடிக்கு 5, 6 தடவை கையை அதிர வைத்துப் பாருங்கள். அந்த அசைவு ஒலியில் வரவில்லை என்றால் நீங்கள் அதிகமாக வடிகட்டிவிட்டீர்கள்.

தூரமானி நொடிக்கு 50 தடவைதான் சொல்லும், அதுவும் அளவீட்டுக்கு 20 மில்லி நொடி என்று குறைத்தால். அந்த 50 படிகளும் காதில் சொரசொரப்பாக விழாமலிருக்க, ஒவ்வொரு புது எண்ணுக்கும் 20 மில்லி நொடியில் வழுக்கிப் போகும்படி ஒலிப் பக்கத்தில் கோடு போட்டுவிடுங்கள். சுருதி கொஞ்சம் தாமதமாக வந்தால் மன்னிக்கலாம். சுரம் பிறப்பது தாமதமானால் காது மன்னிக்காது, அதனால்தான் பிறப்பை விரல் சுவிட்சிடம் கொடுத்தோம். கணினி இசை ஆய்வாளர்களான டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் சைகைக்கும் ஒலிக்கும் நடுவே 10 மில்லி நொடிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு சொன்னார்கள். தாமதம் ஏறி இறங்குவது அதைவிட மோசம் என்றும். டீன்ஸியின் ஒலி நூலகம் 128 மாதிரிகளை ஒரு கட்டாக அனுப்புகிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 2.9 மில்லி நொடி. இரண்டு கட்டு காத்திருந்தாலும் வரம்புக்குள் நிற்கிறோம்.

நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். ரெக்கார்டரின் ஒரு சேனலில் மைக், இன்னொன்றில் கருவியின் வெளியீடு. கையுறை விரல்களை மைக்குக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒட்டுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து இரண்டு அலைகளின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். மணிக்கட்டை முன்கூட்டியே அசைத்துக்கொண்டிருந்தால்தான் ஒலி வரும், மறந்துவிடாதீர்கள். நான் மறந்து, கருவி கெட்டுப்போச்சு என்று பயந்தேன்.

ஒலி

இதில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒலி அவரவர் ருசி. ரம்பப்பல் அலை ஒன்று, அதன் உயர் அதிர்வெண்களைக் குறைக்க ஒரு லோ-பாஸ் வடிகட்டி. அவ்வளவு எளிமையாகத் தொடங்கலாம். ஆனால் வில்லின் வேகத்தை ஒலியளவோடு மட்டும் கட்டாதீர்கள். அதே எண் வடிகட்டியையும் திறக்கட்டும். இயற்கையான வாத்தியம் எதுவும் ஓங்கி வாசிக்கும்போது வெறுமனே சத்தம் கூடுவதில்லை, பளிச்சென்றும் ஆகும். இந்த ஒரு இணைப்பைப் போட்டதும் என் கருவி பொம்மை மாதிரி ஒலிப்பது நின்றது.

மிடி வழியாக வேறொரு மென்பொருளை வாசிக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: சாதாரண மிடி கட்டுப்பாட்டில் 128 படிகள்தான். சுருதிக்குப் பிட்ச் பெண்டைப் பயன்படுத்துங்கள், அதில் 16,384 படிகள் உண்டு. மறுபக்கத்தில் அதன் வீச்சு பெரும்பாலும் மேலே கீழே இரண்டு அரைச்சுரமாக இருக்கும். 12 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

கைக்கு ஒரு தடயம்

காற்றில் கைக்கு எதுவும் தட்டுப்படாது. சட்ஜம் எங்கே என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதாவது ஏற்கனவே தப்பாக வாசித்த பிறகு. அதனால் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் கடக்கும்போது மட்டும் லேசாக அதிரும்படி, கைபேசிகளில் இருப்பது போன்ற நாணய மோட்டார் ஒன்றைச் சேர்த்தேன். அதை நேராகப் பின்னில் மாட்டாதீர்கள். டிரான்சிஸ்டர் ஒன்றும் டையோடு ஒன்றும் நடுவில் வேண்டும்.

அந்த மோட்டாரை எங்கே வைத்தேன் தெரியுமா? இடது கையுறையில், ஜைரோவுக்குப் பக்கத்தில். அங்கேதான் ஏற்கனவே வயர் போயிருந்தது. வலது கை சட்ஜத்தில் நின்றது, மோட்டார் அதிர்ந்தது, ஜைரோ அதை வில் என்று நினைத்தது, ஒலி வந்தது. சென்சாரின் அளவீடு எல்லையிலேயே ஆடிக்கொண்டிருந்ததால் மோட்டார் மறுபடி அதிர்ந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்க, கருவி சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாகக் கச்சேரி செய்தது. மோட்டாரை வலது மணிக்கட்டுப் பட்டைக்கு மாற்றினேன். ஒரு தடவை அதிர்ந்தால், கை ஒரு செ.மீ. விலகித் திரும்பும் வரை மறுபடி அதிரக் கூடாது என்றும் சேர்த்தேன்.

இன்னொரு விபத்து வயரில். கையுறையிலிருந்து போர்டுக்கு ஒரு மீட்டர் வயர். சென்சாரும் போர்டும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பு இவ்வளவு நீளத்துக்காக ஏற்பட்டது அல்ல. ஒரு நண்பர் முன்னால் வாசிக்கும்போது வயர் ஒரு தடவை இழுபட்டது, தகவல் நின்றது, நிரல் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றது, ஒலி மட்டும் நிற்கவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கித்தான் வாயடைத்தேன். புல்-அப் ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமிலிருந்து 2.2-க்கு இறக்கினேன், வயரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றித் தைத்தேன். அதைவிட முக்கியமாக, 50 மில்லி நொடிக்குப் புது அளவீடு வராவிட்டால் வில்லின் எண் பூஜ்யத்துக்குப் போகட்டும் என்று டைமர் வழியாகத் தனியாக எழுதினேன். சென்சார் செத்தால் கருவி வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

சோதனை

கையுறையை மாட்டிக்கொண்டு அரை நிமிடம் சும்மா பேசுங்கள், கையை ஆட்டி ஆட்டிப் பேசுங்கள், தலையைக் கோதுங்கள். ஒரு துளி சத்தமும் வரக் கூடாது. அடுத்து ஒரே சுரத்தைப் பத்து நொடி நிறுத்துங்கள். பிறகு நான்கு சுரம் கொண்ட ஒரு சின்ன வரியை மூன்று தடவை வாசித்துப் பதிவுசெய்து, மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எண்களைத் திருகுங்கள். மூன்றும் ஒத்துப்போன அன்றைக்கு நிரலை மூடி வைத்துவிட்டு ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள், வாசிக்க மட்டும் செய்யுங்கள். இது கஷ்டம். நான் நான்காவது நாளே ஒரு எதிரொலி சேர்த்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டு எடுத்தேன். கருவி தினமும் மாறினால் கை எதைப் பழகும்?

கடைசிச் சோதனை, எதுவும் விளக்காமல் வேறொருவர் கையில் கொடுப்பது. நான் மறுபடியும் அக்காவிடம்தான் போனேன். கையுறையை மாட்டியதும் அவள் முதலில் செய்தது மூக்கைச் சொறிந்ததுதான், வேண்டுமென்றே. கருவி அமைதியாக இருந்தது. விரலை ஒட்டி ஒரு சட்ஜம் பிடித்தாள், மணிக்கட்டை மெதுவாக உருட்டினாள், விட்டாள். காத்திருந்தாள். மறுபடி பிடித்தாள். கால் மணி நேரம் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்புறம், "இதுல கீழ் பஞ்சமம் எங்கேடா இருக்கு?" என்றாள்.

இல்லை. ஒரு ஸ்தாயிதானே வைத்தேன். இப்போது நடுவிரல் நுனியில் மூன்றாவது செம்புப் பட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் அதைத் தொட்டால் சுரம் கீழ் ஸ்தாயியில் பிறக்கும்.